கேட்பவருக்கு வரும் காயம்: மனநல ஆலோசகர்கள் தங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகள்

மதுரையில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகலில் மனநல ஆலோசகர்கள் 12, 15 பேர் கூடிப் பேசும் குழு ஒன்றை 11 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் இல்லம், தொலைபேசி உதவி எண், குடிநோய் சிகிச்சை மையம், பள்ளி எனப் பல இடங்களில் வேலை செய்பவர்கள் வருகிறார்கள். கேஸ்களைப் பற்றிய கேள்விகளைக் கூட்டத்துக்குள் கேட்பார்கள். தங்களைப் பற்றிய கேள்விகளைக் கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்பார்கள். அப்படி வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவையும், இணையவழி அமர்வுகளில் இலங்கையிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவையும்தான் கீழே உள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். கேஸ்களின் அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"சம்பவம் நடந்தது வேற யாருக்கோ. காதால கேட்டதுக்கே எனக்குப் பாதிப்பு வருமா மேடம்?"

வரும். அமெரிக்க உளவியலாளர்களான லிசா மெக்கேன், லாரி ஆன் பேர்ல்மன் இருவரும் 1990இல் இதற்கென 'விக்கேரியஸ் ட்ரமடைசேஷன்' என்ற பெயரை முன்வைத்து, கொடுமைகளுக்கு ஆளானவர்களின் அனுபவங்களை நாள்தோறும் கேட்கும் சிகிச்சையாளருக்கு உலகத்தைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் இருந்த எண்ணங்களே மெல்ல மாறிப்போவதை விளக்கி எழுதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, வேலையின் பொருட்டுக் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. குழந்தைகள் மீதான வன்முறையின் விவரங்களை மீண்டும் மீண்டும் கேட்க நேரும் காவலர்களை அந்த நூலே எடுத்துக்காட்டாகத் தருகிறது. தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. வேலைக்காகப் பார்க்க நேர்ந்தால் மட்டுமே வரும்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. இப்பக்கத்தில் இதை இரண்டாம்நிலை மனக்காயம் என்று குறிப்பிடுகிறேன்.

"பர்ன்அவுட், கம்பாஷன் ஃபட்டீக், செகண்டரி ட்ராமா... எல்லாம் ஒண்ணுதானே? ட்ரெய்னிங்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

ஒன்றோடொன்று கலந்து வருபவைதான் என்றாலும், ஒன்றல்ல. பர்ன்அவுட் என்பது வேலையின் சுமையால் வரும் சோர்வு. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் 1974இல் இதை விவரித்தார். வங்கியில் இருப்பவருக்கும் வரும், பேருந்து ஓட்டுநருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்றே வைத்திருக்கிறது. கம்பாஷன் ஃபட்டீக் என்ற சொல்லைச் செவிலியர்களைப் பற்றி 1992இல் எழுதிய கார்லா ஜாய்ன்சன் பயன்படுத்தினார். 1995இல் சார்ல்ஸ் ஃபிக்லி வெளியிட்ட நூலுக்குப் பிறகு அது பரவலானது. பரிவு காட்டிக் காட்டியே பரிவு வற்றிப்போவதை அது குறிக்கிறது.

இரண்டாம்நிலை மனக்காயத்தின் அடையாளம், அதில் ஒரு காட்சி இருக்கும் என்பதுதான். ஒருவர் 40 கோப்புகள், 3 பதிவேடுகள், வராத சம்பளம் ஆகியவற்றால் களைத்துப்போகிறார். அவரைப் பத்து நாள் விடுப்பில் அனுப்பினால் ஓரளவு தேறிவிடுவார். இன்னொருவரிடம் ஆறே கேஸ்கள்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றில் வந்த கிணற்றடி அவர் கனவில் வருகிறது. விடுப்பில் ஊருக்குப் போனாலும் அந்தக் கிணற்றடியும் உடன் போகும். முதலாமவருக்குத் தேவை ஓய்வும் நியாயமான நிர்வாகமும். இரண்டாமவருக்கு அவை மட்டும் போதாது.

"எனக்கு வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

தூக்கம் கெடுவது, கேட்ட காட்சிகள் அழையாமல் மனத்தில் வருவது, குறிப்பிட்ட ஒருவரின் பெயரை அன்றைய பட்டியலில் பார்த்ததும் வயிற்றைப் பிசைவது, அவர் வரவில்லை என்றால் நிம்மதியாக இருப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவை பலருக்கும் தெரிந்த அறிகுறிகள். தெரியாமல் போவது எண்ணங்களில் வரும் மாற்றம். மெக்கேனும் பேர்ல்மனும் பாதுகாப்பு, நம்பிக்கை, மதிப்பு, நெருக்கம், தன் வாழ்க்கை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு போன்ற இடங்களில் இந்த மாற்றத்தைத் தேடச் சொன்னார்கள். இது நோய்போலத் தெரியாது. 'எனக்கு உலகம் புரிந்துவிட்டது' என்பதுபோலத் தெரியும்.

எனக்கே அப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கேஸ் என்னிடம் வந்தது. பள்ளி விட்டு வரும் குழந்தை அந்தச் சாவியை வாங்கப் போகும். மற்றதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த வாரம் எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு மகளின் பள்ளி வேன் ஓட்டுநரை மாற்றினேன். அடுத்து, அவளை அவளுடைய சித்தப்பா வீட்டில் விடுவதற்கும் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். எட்டு மாதம் கழித்து என் கணவர், "உனக்கு இப்போ யாரைத்தான் பிடிக்குது?" என்று கேட்டபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவரை நான் அதை எச்சரிக்கை என்றே நினைத்திருந்தேன்.

தன்னைத் தானே சோதித்துக்கொள்ள பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. கடந்த 30 நாட்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வேலையில் கிடைக்கும் நிறைவு, பர்ன்அவுட், இரண்டாம்நிலை மனக்காயம் என மூன்று மதிப்பெண்கள் கிடைக்கும். அது நோயறியும் கருவி அல்ல. ஒரு முறை எடுத்த மதிப்பெண்ணைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது.

"நான்தான் வீக்கா? கூட வேலை பாக்கறவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

அவர்களுள் ஒருவர் இதே கேள்வியைச் சென்ற மாதம் என்னிடம் கேட்டிருக்கக்கூடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரையன் பிரைட் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்கள் 282 பேரிடம் கேட்டபோது, முந்தைய ஒரு வாரத்தில் ஓர் அறிகுறியாவது இருந்ததாகச் சொன்னவர்கள் 70 விழுக்காட்டினர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான அளவை எட்டியவர்கள் 15.2 விழுக்காட்டினர். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்.

இதை மனத்திண்மையின் கணக்காகப் பார்ப்பதைவிட அளவின் கணக்காகப் பார்ப்பதே சரி என்பது என் முடிவு. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் எவ்வளவு திடமானவர் என்று யாரும் கேட்பதில்லை; சட்டையில் அட்டையை மாட்டிவிட்டு, எவ்வளவு கதிர் பட்டது என்றுதான் பார்க்கிறார்கள். டெட் போபர், செரில் ரெகர் இருவரும் கனடாவிலிருந்து 2006இல் வெளியிட்ட, சிகிச்சையாளர்கள் 259 பேரைப் பற்றிய ஆய்வில், பாதிப்பின் அளவை முதன்மையாகக் காட்டிக்கொடுத்தது, வாரத்தில் எத்தனை மணி நேரம் மனக்காயமுற்றவர்களுடன் செலவிடுகிறார் என்ற எண்ணிக்கைதான். சொந்த வாழ்வில் முன்பே பட்ட காயமும், வேலைக்குப் புதியவராக இருப்பதும் சுமையைக் கூட்டலாம். ஆனாலும் என்னிடம் வருபவரை நான் முதலில் கேட்பது மணிக்கணக்கைத்தான்.

"யோகா பண்றேன், வாக்கிங் போறேன், பாட்டு கேக்கறேன். ஒண்ணும் மாறலையே?"

மேலே சொன்ன போபர், ரெகர் ஆய்வின் அடுத்த பாதி இதற்கான பதில். ஓய்வுநேரச் செயல்பாடுகளும் தன்னைப் பேணிக்கொள்வதும் உதவும் என்று அந்தச் சிகிச்சையாளர்கள் நம்பினார்கள். ஆனால் அவற்றுக்கு அவர்கள் செலவிட்ட நேரத்துக்கும் அவர்களுடைய பாதிப்பின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. நடைப்பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லதே. வாரத்துக்கு 30 மணி நேரம் வன்முறையைக் கேட்பதற்கு அது ஈடாகாது, அவ்வளவுதான். ஆலோசகருக்கு மூன்று பேரின் வேலையைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தியான வகுப்பு நடத்தி, அதைப் படமெடுத்து அறிக்கையில் சேர்க்கும் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. தேறாதபோது, 'தியானம்கூட ஒழுங்காகச் செய்யவில்லை' என்ற பழியும் அந்த ஆலோசகர் தலையிலேயே விழுகிறது.

"அப்போ ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் பாக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க."

எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. நான் வைத்துக்கொண்டிருப்பது என் அனுபவத்தில் அமைந்த வரம்பு: வன்முறையை விரிவாகச் சொல்லக்கூடியவர்கள் ஒரு நாளில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, அவர்கள் அடுத்தடுத்து வரக்கூடாது, மாலையில் கடைசி ஆளாக அவர்களுள் ஒருவர் இருக்கக்கூடாது. கடைசியாகக் கேட்டதைத்தான் பேருந்தில் கொண்டுபோகிறோம்.

"எங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது?" என்று அரசு மையங்களில் இருப்பவர்கள் கேட்பது நியாயமே. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. உளவியலாளர்களின் நிலையும் அதற்கு மேலானதில்லை. எண்ணிக்கை கையில் இல்லாதபோதும் வரிசை பெரும்பாலும் கையில் இருக்கிறது. முன்பதிவு செய்து வருபவர்களையாவது மாற்றி அடுக்கலாம். இரண்டு பேருக்கு நடுவே பத்து நிமிடம் விட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் குறிப்பு எழுதாமல் எழுந்து போய் முகம் கழுவி, சாலையைப் பார்த்துவிட்டு வரலாம். முதல் தகவல் அறிக்கையைப் படிப்பது, மருத்துவச் சான்றின் விவரங்களைத் தட்டச்சு செய்வது, நீதிமன்றத்தில் குழந்தையுடன் உட்கார்ந்திருப்பது ஆகியவையும் கேட்பதற்குச் சமமானவையே. அவற்றை 'ஆபீஸ் வேலை' என்று ஒதுக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"சூப்பர்விஷன், சூப்பர்விஷன்னு சொல்றீங்க. எங்க ஆபீசர் மாசாமாசம் ரிஜிஸ்டர் பாக்கறாரே, அதுதானே?"

அது ஆய்வு. மேற்பார்வை என்று நாம் மொழிபெயர்த்ததாலேயே வந்த குழப்பம் இது. மேலிருந்து ஒருவர் தப்பு தேடுவதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது. இத்துறையில் சூப்பர்விஷன் என்பது, அனுபவம் கூடிய ஒருவருடன் குறித்த நாளில், குறித்த நேரம் உட்கார்ந்து, கேஸ் என்ன ஆகிறது என்பதோடு அந்தக் கேஸ் உங்களை என்ன செய்கிறது என்பதையும் பேசுவதாகும். உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடம் இந்த இரண்டாவது பாதியைப் பேச முடியாது. ஆகவே அவரும் இவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

எங்கள் குழுவில் ஓர் ஆலோசகர் 20 நிமிடம் ஒரு கேஸை அழகாக, வரிசையாக, குரல் மாறாமல் சொல்லி முடித்தார். "இதில் எந்த வரி உங்களோடு வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை அல்ல, அதற்குச் சற்று முன்பு அவள் கருவேப்பிலை வாங்க ஐந்து ரூபாயுடன் கடைக்குக் கிளம்பினாள் என்பதுதான் என்றார். மூன்று வாரமாக வீட்டில் அவர் தாளிக்கும்போது கருவேப்பிலை போடவில்லை. ஏன் என்று அவருக்கே அந்த நிமிடம்வரை தெரியவில்லை. அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் அந்த ஒரு மணி நேரத்தின் வேலை.

கூர்மையாகப் படிப்பவர்கள் ஒன்று கேட்பார்கள்: அதே கனடா ஆய்வில், சூப்பர்விஷனுக்குச் செலவிட்ட நேரத்துக்கும் பாதிப்பின் அளவோடு தொடர்பு இல்லையே? உண்மைதான், இல்லை. நேரத்தை அளப்பது எளிது. அந்த நேரத்தில் என்ன பேசப்பட்டது என்பதை அளப்பது எளிதல்ல. நான் இதை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒருவரிடம் ஒரே மாதத்தில் எத்தனை கனமான கேஸ்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பது வெளியே தெரியும் இடம் இது ஒன்றுதான். தெரிந்த பிறகு பிரித்துக்கொடுக்கலாம். பேசிவிட்டு அதே எண்ணிக்கைக்குத் திருப்பி அனுப்பும் சூப்பர்விஷனால் பெரிய பயன் இருக்காது.

"ரகசியம் காக்கணும்ங்கிறாங்க. அப்போ நான் யார்கிட்டதான் சொல்றது? வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமா?"

கேஸைச் சொல்லக்கூடாது, உங்களைச் சொல்லலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உரியவர்களிடம் தெரிவிப்பது நம் கடமை; அது கணவரிடம் தெரிவிப்பதாகாது. 'இன்றைக்குக் கேட்ட ஒன்று மனத்தை அழுத்துகிறது, ஒரு மணி நேரம் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதில் எந்த ரகசியமும் வெளியாவதில்லை. இதைச் சொல்லத் தயங்கித்தான் பலர் பிள்ளைகள் மீது எரிந்துவிழுகிறார்கள்.

சக ஆலோசகரிடம் பேசுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. டீ குடிக்கும் இடத்தில், 'இன்னைக்கு ஒரு கேஸ் வந்துச்சு பாருங்க' என்று தொடங்கி முழு விவரத்தையும் கொட்டிவிட்டுப் போவது பரவலான பழக்கம். கேட்டவருக்கு அது அன்றைய மூன்றாவது கேஸாகிவிடுகிறது. கனடாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ்வாஸ் மத்தியூ இதற்கு எளிய வழிமுறை ஒன்றைப் பரப்பியிருக்கிறார்: தான் கொட்டப்போகிறோம் என்பதை உணர்வது, கனமான விஷயம் என்று முன்கூட்டிச் சொல்வது, இப்போது கேட்க முடியுமா என்று அனுமதி கேட்பது, பிறகும் தேவையான அளவே சொல்வது. எங்கள் குழுவில் அனுமதி கேட்கத் தொடங்கியபோது சிரித்தார்கள். ஒருவர் முதன்முறையாக "இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்று சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

"அந்தம்மா பேசிட்டு இருக்கும்போதே அழுதுட்டேன். தப்பா?"

கண் கலங்குவது தப்பில்லை. வந்தவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை ஏற்பட்டிருந்தால், அன்று அமர்வு அவருடையதாக இல்லாமல் உங்களுடையதாகிவிட்டது என்று பொருள். அடுத்த முறை அதை அவரிடமே ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

"பேசாம மனசைக் கல்லாக்கிக்கிட்டா என்ன? டாக்டருங்க அப்படித்தானே இருக்காங்க?"

கல்லாக்க நினைக்கிறவர்களுக்கு அலுவலகத்தில் மட்டும் கல்லாக இருக்கும் வசதி வாய்ப்பதில்லை. வீட்டில் குழந்தை ஓவியத்தைக் கொண்டுவந்து காட்டும்போதும் அதே கல்தான் பார்க்கும். மரத்துப்போவது பாதுகாப்புக் கவசம் அல்ல. அதுவே ஓர் அறிகுறி.

வேறொரு வழி இருக்கிறது. மூளை ஆய்வாளர்களான டானியா சிங்கரும் ஓல்கா க்ளிமெக்கியும் நடத்திய ஆய்வுகளில், பிறர் வலியைத் தன் வலியாக உணரும் பயிற்சி பெற்றவர்களுக்கு வருத்தமான உணர்வுகள் கூடின. அவர்களுக்கே பிறகு, துன்பப்படுபவர் நலமாக இருக்க வேண்டும் என்ற பரிவை வளர்க்கும் பயிற்சி அளித்தபோது நல்ல உணர்வுகள் கூடின, மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. நடைமுறையில் இதை நான் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் படுவதைக் கவனியுங்கள். சொல்பவரின் இடத்தில் உங்களையோ உங்கள் பிள்ளையையோ நிறுத்திப் படம் பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும், இன்று உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் அந்த முகத்தைப் பாருங்கள். சம்பவம் முடிந்துவிட்டது, இவர் பிழைத்து வந்திருக்கிறார் என்பதைக் கேட்கும்போதே நினைவில் வைத்திருப்பது அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

"விவரமே கேக்காம விட்டுட்டா நமக்குப் பாதிப்பு வராதுல்ல?"

இதில் கவனம் வேண்டும். தேவையில்லாத விவரத்தைத் துருவிக் கேட்பது வந்தவருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஏற்கெனவே சொன்னதை உங்களிடம் நான்காவது முறையாகச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் மனக்காயத்துக்கான சிகிச்சைகளுள் சில, அந்த நினைவை விவரமாகச் சொல்லிச் சொல்லியே அதன் வீரியத்தைக் குறைப்பவை. அந்தச் சிகிச்சை தேவைப்படும் ஒருவர் சொல்ல வரும்போது, 'அதெல்லாம் இப்ப வேண்டாம்மா, நடந்தது நடந்துபோச்சு' என்று நாம் பேச்சை மாற்றினால், அவர் தன் கதை கேட்கத் தகாதது என்று எடுத்துக்கொள்வார். நிறுத்தச் சொன்னது அவர் நன்மைக்கா, என் பயத்துக்கா என்ற கேள்வியைச் சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் பயத்துக்குத்தான் என்று தெரியவரும்.

"பெரிய சம்பவம் ஒண்ணு நடந்தா, அன்னிக்கே ஸ்டாஃப் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சுப் பேச வச்சுடணும்னு சொல்றாங்களே?"

அந்த முறை 1980களில் தீயணைப்பு வீரர்களையும் மீட்புப் பணியாளர்களையும் மனத்தில் வைத்துப் பரவியது. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மறுஆய்வு, பிற்பாடு நோய் வருவதை அது தடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. கட்டாயமாக அப்படிப் பேசவைக்க வேண்டாம் என்பதே இன்றைய பொது நிலைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் போக்கைப் பின்பற்றுங்கள்: சாப்பிட்டார்களா என்று பாருங்கள், வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள், மறுநாள் புதிய கேஸ் கொடுக்காதீர்கள், பேச விரும்புபவருக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள், விரும்பாதவரை விட்டுவிடுங்கள்.

"என்கிட்ட வந்துட்டு இருந்தவர் தற்கொலை பண்ணிக்கிட்டார். இதுவும் நீங்க சொல்ற அதேதானா?"

இது அதைவிடப் பெரியது. இதில் இழப்பின் துக்கம் இருக்கிறது, குற்ற உணர்வு இருக்கிறது, விசாரணை வருமோ என்ற அச்சம் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால் மேலே சொன்ன வழிகள் அப்படியே பொருந்தா. முதல் நாளிலேயே கோப்பைத் திறந்து, 'அன்று இதைக் கேட்டிருந்தால்' என்று வரிவரியாகப் படிக்காதீர்கள். முடிவு தெரிந்த பிறகு படிக்கும்போது எல்லாமே முன்னறிவிப்பாகத் தெரியும். அன்று அந்த அறையில் இருந்தபோது அப்படித் தெரிந்திருக்கவில்லை. கோப்பில் எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். ஒரு மூத்தவரிடம் அன்றே பேசுங்கள். தற்கொலை எண்ணத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும் மற்றவர்களைச் சில நாட்களுக்கு வேறொருவர் பார்க்கட்டும். அது தண்டனையல்ல என்பதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"நானும் அதே இடம்பெயர்வுக்குள்ளால வந்தனான். சனம் கதைக்கேக்க என்ர கதையும் சேர்ந்து வருது. நான் இந்த வேலையை விடோணுமோ?"

இந்தக் கேள்வியை வன்னியிலிருந்து உளவளத்துணையாளர் ஒருவர் கேட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையிலும் நாகப்பட்டினத்திலும், 2009 மே மாதத்துக்குப் பின் வடக்கிலும், ஆறுதல் சொல்லப் போனவர்களுள் பலர் தாங்களே உறவுகளை இழந்தவர்கள். இரண்டாம்நிலை என்ற சொல்லே அங்கே பொருந்தாது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரே காயம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் முழுச் சமூகத்தின் காயமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிவந்திருக்கிறார். ஆலோசகரும் அந்தச் சமூகத்துக்குள் இருப்பவர்தான்.

விட வேண்டியதில்லை. 'உங்களுக்கு விளங்காது' என்று சனம் உங்களிடம் சொல்லப்போவதில்லை. வெளியிலிருந்து வரும் நிபுணருக்குக் கிடைக்காத தகுதி அது. ஆனால் மூன்று இடங்களில் உங்களைக் கவனியுங்கள். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் முடிவுசெய்கிறீர்களா. 'எனக்கும் அப்படித்தான்' என்று உங்கள் கதையைச் சொல்லத் தொடங்குகிறீர்களா. உங்களுக்கு நேர்ந்ததற்கு மிக அருகில் இருக்கும் கேஸ்களில் அவசரமாக ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறீர்களா. இவற்றுள் ஒன்று அடிக்கடி நடந்தால், அந்த வகைக் கேஸ்களைக் கொஞ்சக் காலம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் கதையை நீங்கள் சொல்ல ஒருவரைத் தேடுங்கள். காணாமல்போன உறவினருக்காக நீங்களும் காத்திருப்பவராக இருந்தால் இது இன்னும் அவசியம். ஏனென்றால் முடிவு தெரியாத அந்தக் காத்திருப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

"நான் கவுன்சிலர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். லண்டன்ல அசைலம் (புகலிடக் கோரிக்கை) கேஸ்களுக்குப் போறன். எனக்கும் இது பொருந்துமா?"

பொருந்தும், சில வேளை ஆலோசகரைவிடக் கூடுதலாகவே. ஆலோசகர் 'அவருக்கு நடந்தது' என்று எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளரோ 'என்னைக் கட்டித் தொங்கவிட்டார்கள்' என்று தன் வாயால், தன்னிலையில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் முன்கூட்டித் தெரியாமல், ஒரு நொடிக்குள் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் அதே நாட்டிலிருந்து வந்தவராகவே இருப்பதால், முந்தைய பதிலில் சொன்னதும் சேர்ந்துகொள்கிறது. சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான ஐக்கிய நாடுகள் கையேடான, 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, இவ்வேலையில் ஈடுபடுபவர்கள்மீது இது ஏற்படுத்தும் பாதிப்பையும் பேசுகிறது. அமர்வுக்கு முன் ஐந்து நிமிடம் என்ன வகைக் கேஸ் என்று கேளுங்கள். முடிந்ததும் மருத்துவரோ வழக்கறிஞரோ உடனே கிளம்பிவிடாமல் ஐந்து நிமிடம் உங்களுடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில், 'அது அவர் சொன்னது. நான் சொன்னது அவருடைய சொல்லை' என்று உங்களுக்கு நீங்களே உரக்கச் சொல்லிக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். பலருக்கு அது உதவியிருக்கிறது.

"எப்போ நானே டாக்டர்கிட்டப் போகணும்? வெளிய தெரிஞ்சா, 'இவளே பேஷன்ட்டு'ன்னு பேசுவாங்களே."

அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், தூங்குவதற்கு மதுவோ மாத்திரையோ தேவைப்பட்டால், வேலையில் தவறுகள் நேர்ந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் போக வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஒரு மாதம் காத்திருக்கக்கூடாது. மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவை வந்தவர்களுக்குப் பலன் தருவதுபோல நமக்கும் தரும். ஊருக்குள் தெரியும் என்று அஞ்சினால் வேறு மாவட்டத்திலோ இணையவழியிலோ பார்க்கலாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்; இலங்கையில் 1926. அந்த எண்ணில் எதிர்முனையில் இருப்பவரும் இப்பக்கத்தைப் படிக்க வேண்டியவர்தான்.

"ஆபீஸ்ல இதைச் சொன்னா, 'வேலைக்கு லாயக்கில்லை'ன்னு எழுதிடுவாங்க. எப்படிக் கேக்கறது?"

உங்கள் மனநிலையை வைத்துக் கேட்காதீர்கள். மேலே சொன்ன மணிக்கணக்கை வைத்துக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில், தேதி, எத்தனை பேர், அவர்களுள் வன்முறை கேஸ் எத்தனை, அறிக்கை எழுதிய நேரம், நீதிமன்றம் போன நாள் ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: வன்முறை கேஸ்களை இரண்டு ஆலோசகர்களுக்குப் பிரிக்க வேண்டும், மாதம் இரண்டு மணி நேரம் வெளியாள் ஒருவரின் சூப்பர்விஷன் வேண்டும், இரண்டு பேருக்கு நடுவே பத்து நிமிடம் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. ஆலோசகர் பாதியில் விலகினால், அவரிடம் மனம் திறந்த குழந்தைகள் எத்தனை பேர் புதிய ஆளிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும் கடிதத்தில் சேருங்கள். மூன்றில் ஒன்று கிடைக்கும். எங்கள் குழுவில் பெரும்பாலும் கிடைத்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

"கஷ்டம் மட்டும்தானா? இந்த வேலையில நமக்கு வர்ற நல்லது எதுவுமே கிடையாதா?"

இருக்கிறது. பிலார் எர்னாண்டஸ், டேவிட் கேங்சி, டேவிட் எங்ஸ்ட்ராம் மூவரும் கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கும் ஆட்கடத்தலுக்கும் ஆளானவர்களுடன் பணிபுரிந்த சிகிச்சையாளர்களிடம் பேசி 2007இல் எழுதியபோது, மீண்டு வருபவர்களின் திடம் கேட்பவருக்கும் தொற்றுகிறது என்று காட்டினார்கள். நான் கண்டதும் அதுவே. ஆனால் ஒரு நிபந்தனை: மீண்டதைப் பார்க்கும்வரை அந்தக் கேஸ் உங்களிடம் இருக்க வேண்டும். முதல் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுவிட்டு வேறிடத்துக்கு அனுப்பிவிடும் மையங்களில் இருப்பவர்கள் எல்லாக் கதைகளின் முதல் பாதியை மட்டுமே கேட்கிறார்கள். அவர்களுக்குப் பின்கதை தெரியவேண்டும். அனுப்பிய இடத்திலிருந்து ஆறு மாதம் கழித்து, 'பள்ளிக்குப் போகிறாள், பத்தாவது எழுதுகிறாள்' என்று ஒரு வரி திரும்பி வர ஏற்பாடு செய்வது எந்தப் பயிற்சி வகுப்பையும்விடச் செலவு குறைந்தது.

"பழைய கேஸ் ஒண்ணு போகவே மாட்டேங்குது. ஆறு வருஷம் ஆச்சு. இது நோயா?"

நினைவு வருவது நோயாகாது. வரும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். நெஞ்சு படபடத்து, அன்றைய வேலை கெட்டு, அதைத் தவிர்க்க ஒரு தெருவையோ ஓர் உணவையோ விட்டுவிட வேண்டியிருந்தால், முன்பு சொன்னபடி உதவி தேடுங்கள். வந்து, சற்று நேரம் இருந்து, போய்விட்டால் அது நீங்கள் சந்தித்த ஒருவரின் நினைவு, அவ்வளவுதான்.

சாவி கேஸ் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு மூத்த உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை பேசினேன். ஏழாவது வாரம், சாவியை எதிர்வீட்டில் கொடுத்துப் பார்க்கும்படி சொன்னார். கொடுத்த முதல் நாள் நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை அந்த அம்மா, "ஏம்மா, கேஸ் அடுப்பை அணைக்காமப் போயிட்டியா? போய்ப் பாக்கவா?" என்று கேட்டார். பார்க்கச் சொன்னேன். அணைத்துத்தான் இருந்தது.